பனிநாட்டுப் பாப்பி நம் மாடிக்கு வருமா?

கரமனையில் வசிக்கும் அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய மகள் கனடா நாட்டில் குடும்பத்துடன் வாழ்கிறார். அங்கே பனி உருகி முடிந்ததும் வீட்டு வாயிலில் மலரும் ஒரு பூவைப் பேத்தி கைப்பேசியின் வழியே பாட்டிக்குக் காட்டினாளாம். மெழுகுக் காகிதத்தைக் கசக்கிப் பிரித்தாற் போன்ற இதழ்கள். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று நிறங்கள். இலையே இல்லாத ஒற்றைத் தண்டு. அதன் பெயர் ஐஸ்லாந்து பாப்பி என்றும் சொன்னாளாம். "கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர்கள் இங்கே வருகிறார்கள். சென்ற முறை வந்தபோது குழந்தை மூன்று நாள் ஒருவரோடும் பேசாமல் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த பூ ஒன்றாவது நம் மாடியில் பூத்திருந்தால் நன்றாயிருக்கும். விதையை முன்கூட்டியே தபாலில் வரவழைக்கலாமா? எப்படி விதைப்பது?" என்பது அம்மையாரின் வினா.

இவ்வினாவுக்கு விடை 'இயலாது' என்னும் ஒரு சொல்லே. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. ஏன் இயலாது என்பதையும், எது இயலும் என்பதையும், தபாலில் விதை வரவழைப்பதில் உள்ள அபாயம் ஒன்றையும் விரிவாகவே எழுதக் கருதுகிறோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் யாராவது ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பியவையே. ஆதலின் இவ்விடை கரமனைக்கு மட்டும் உரியதன்று.

முதலில் பூவைப் பற்றிச் சொல்லுவோம். பாப்பி என்பது நமக்கு அந்நியமான பெயராயினும் குடும்பம் அந்நியமன்று. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து விடுகிற கசகசா, பாப்பிச் செடி ஒன்றின் விதையே. அக்குடும்பத்தில் அழகுக்காக மட்டும் வளர்க்கப்படுபவை பல உண்டு. அவற்றுள் குளிருக்குச் சற்றும் அஞ்சாதது ஐஸ்லாந்து பாப்பி. பெயரைக் கண்டு ஐஸ்லாந்துத் தீவுதான் இதன் தாயகம் என்று எண்ணிவிட வேண்டாம். சைபீரியா, மங்கோலியா முதலிய வட ஆசியப் பகுதிகளே இதன் பிறந்தகம். வெப்பம் சுழிக்குக் கீழே முப்பது பாகை இறங்கும் இடங்களிலும் இதன் வேர் பனிக்கடியில் உயிரோடு கிடந்து, வெயில் கண்டதும் துளிர்க்கிறது.

இச்செடியின் இலைகளெல்லாம் தரையோடு தரையாக ஒரு கொத்தாய் அமைந்திருக்கும். அதன் நடுவிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்கு மயிரடர்ந்த தண்டுகள் எழும். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரே ஒரு மொட்டு. அம்மொட்டு இளமையில் தலை கவிழ்ந்து தொங்கும். மலரும் நாள் நெருங்கியதும் தண்டு நிமிர்ந்து நேராகும். மொட்டை மூடியிருக்கும் புறவிதழ்கள் இரண்டும் பிளந்து கழன்று விழுந்துவிடும். உள்ளே இடமின்றிக் கசங்கிக் கிடந்த நான்கு இதழ்களும் நீரேறி, ஒருசில மணி நேரத்தில் சுருக்கம் நீங்கி விரியும். பெட்டியிலிருந்து எடுத்த பட்டுச் சேலையின் மடிப்பு தானே விலகுவது போலிருக்கும் அக்காட்சி. சுருக்கம் முழுவதும் நீங்குவதில்லை. அந்த எஞ்சிய சுருக்கமே இதன் அழகு என்று தோட்டக்காரர்கள் கொண்டாடுவார்கள். காலை வெயில் ஊடுருவும்போது இதழ் விளக்குக் கூண்டு போல் ஒளிரும். தனிப்பூ சில நாளே நிற்கும். ஆனால் ஒரு செடியில் அடுத்தடுத்துப் பல தண்டுகள் எழுந்துகொண்டே இருப்பதால் வாரக்கணக்கில் பாத்தி வெறுமையாவதில்லை.

இப்பூவின் கிண்ண வடிவுக்கும் ஒரு காரணம் உண்டு. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் வளரும் இதன் நெருங்கிய உறவான பாப்பி, பகல் முழுவதும் சூரியனை நோக்கியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வரும். அதன் கிண்ணம் வெயிலைக் கூட்டி நடுவில் சேர்க்கிறது. அதனால் பூவின் உட்புறம் வெளிக்காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாகிறது. குளிரில் விறைத்த பூச்சிகள் அங்கே வந்து அமர்ந்து வெதுப்புக் காய்கின்றன. விதையும் விரைவில் முற்றுகிறது. தேன் என்று ஒரு துளியும் பாப்பிப் பூவில் கிடையாது. மகரந்தமும், அக்குளிர்நாட்டில் இந்தக் கொஞ்சம் வெதுப்புமே வருகிற விருந்தாளிக்குக் கிடைப்பவை.

தண்டின் மயிர், தரையோடு ஒட்டிய இலைக்கொத்து, கிண்ணப் பூ ஆகிய யாவும், கிடைத்தற்கரிய வெப்பத்தைச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் பொருட்டு அமைந்தவை போலும். அப்படிப்பட்ட செடியைத் திருவனந்தபுரத்து மொட்டைமாடியில், சிமெண்டுத் தளம் அனலாய்க் காயும் இடத்தில் வைத்தால் என்னாகும் என்பதை அன்பர்களே ஊகிக்கலாம்.

நம் நகரில் பகல் வெயிலைவிடத் தொல்லையானது இரவின் வெப்பம். மார்கழி இரவிலும் இங்கே வெப்பம் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் இலை சமைத்த உணவை இரவில் செடி மூச்சுவிட்டே செலவழிக்கிறது. இரவு குளிர்ந்திருந்தால் செலவு குறையும்; மிச்சம் வேருக்கும் மொட்டுக்கும் போகும். இரவும் புழுங்கினால் வரவும் செலவும் சரியாகிவிடும். மாதக் கடைசியில் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் பணப்பை இருக்கும் நிலைதான் அச்செடிக்கும். அது சாகாமல் சில நாள் கிடக்கலாம். பூக்க அதனிடம் ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது மழை. வட இந்தியச் சமவெளியில், குறிப்பாக டில்லி, லக்னோ முதலிய ஊர்களில், பாப்பியை அக்டோபரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் பூக்கக் காண்கிறார்கள். அங்கே அது குளிர்காலத்து ஓராண்டுச் செடி. நம் ஊரில் அக்டோபர் எப்படிப்பட்டது? இங்குள்ளோர் துலாவர்ஷம் என்று அழைக்கும் ஐப்பசி மழை மாலைதோறும் இடியோடு கொட்டும் காலம். பாப்பியின் வேர் முள்ளங்கி போல் ஒற்றையாய்க் கீழிறங்குவது. நீர் தேங்கினால் கழுத்தில் அழுகிவிடும். சரி, மழை விட்ட பிறகு டிசம்பரில் விதைக்கலாமே எனின், ஐஸ்லாந்து பாப்பி விதைத்துப் பூக்க ஏறக்குறைய நான்கு மாதமாகும். டிசம்பரோடு நான்கைக் கூட்டினால் ஏப்ரல். நம் நகரின் உச்ச வெயில் காலம். கிறிஸ்துமஸுக்குப் பூ வேண்டுமாயின் ஆகஸ்டில் விதைத்திருக்க வேண்டும். அதற்குக் குறுக்கே ஐப்பசி மழை நிற்கிறது. எந்தப் பக்கம் கணக்குப் பார்த்தாலும் வண்டி நிலையத்துக்கு வந்து சேரவில்லை.

பொன்முடி மலையில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொன்முடி 3,600 அடி உயரமே. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் இரண்டு பாகையளவு குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி பொன்முடியில் குறைவது ஏழு பாகை. உதகமண்டலத்தில் 7,300 அடிக்கு மேல் போவதால் குறைவது பதினான்கு, பதினைந்து பாகை. இவ்வேறுபாடுதான் பாப்பிக்கு வாழ்வும் சாவும்.

விதையை வரவழைக்கும் விஷயத்தில் சங்கத்துத் தாய்மார்கள் யாவரும் சற்று நின்று கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் 'பாப்பி' என்ற ஒரே பெயரில் பலவகை விதைப் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. பியோனிப் பாப்பி என்றும், ரொட்டிக்கு இடும் விதைப் பாப்பி என்றும் அழகிய படம் போட்டு விற்பவற்றுள் சில, சாட்சாத் அபினிச் செடியே. இங்கிலாந்து முதலிய நாடுகளில் அழகுக்காக அதை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது குற்றமாகாது. நம் நாட்டிலோ 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் இன்றி அபினிச் செடியைப் பயிரிடுவதே குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படக்கூடும். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு குறித்த இடங்களில் மட்டும், உரிமம் பெற்ற குடியானவர்கள் அளந்து பயிரிட்டு, எடுக்கும் பாலை அரசுக்கே ஒப்படைக்கிறார்கள். அதிலிருந்து வலி தணிக்கும் மருந்துகள் ஆகின்றன. காசிப்பூரிலும் நீமச்சிலும் அதற்கென அரசுத் தொழிற்சாலைகள் உள்ளன.

ஐஸ்லாந்து பாப்பிக்கு இத்தடை இல்லை. இரண்டையும் வேறுபிரித்து அறிவது எளிது. அபினிச் செடி இடுப்பளவு, அதற்கு மேலும் உயரும். இலை சாம்பல் பூத்த பச்சை. மயிர் ஏறக்குறைய இராது. இலையின் அடிப்பாகம் தண்டைக் கட்டிப் பிடித்தாற் போல் அமர்ந்திருக்கும். ஐஸ்லாந்து பாப்பியின் தண்டில் ஓர் இலையும் இராது. உடலெங்கும் மயிர் இருக்கும். ஆனால் விதையாக இருக்கும்போது இவ்வேற்றுமைகளை யார் காண்பது? இரண்டும் பொடி விதைகளே. கலப்பு விதைப் பொட்டலத்தில் எது இருக்கிறதென்று அனுப்பிய மகளுக்கே தெரியாது. மேலும் வெளிநாட்டு விதை எதுவாயினும், நோயற்றதென்னும் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இன்றித் தபாலில் தருவிக்க நம் நாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதிகள் இடங்கொடுப்பதில்லை. ஆதலின், அம்மையார் அவர்கள் மகளுக்கு எழுதி விதையை நிறுத்தச் சொல்வதே நலம். ஐஸ்லாந்து பாப்பி விதையும் கலிபோர்னியா பாப்பி விதையும் நம் நாட்டு விதைக் கடைகளிலேயே பெயர் அச்சிட்ட பொட்டலங்களில் கிடைக்கின்றன.

இதே தொடர்பில் எதிர்த் திசையிலும் ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. நம் நகரிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறப்போர் ஏராளம். மகனுக்கும் மருமகளுக்கும் மசாலாச் சாமான் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் கசகசாவையும் ஒரு பொட்டலம் சேர்த்துவிடுகிறார்கள். ஐக்கிய அரபு நாடுகளிலும் சவுதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சமையலுக்கென்று சொல்வதை அங்கே சுங்கச் சாவடியில் கேட்டுக்கொள்வார் இல்லை. குருமாவில் முந்திரியை அரைத்துச் சமாளித்துக்கொள்ளும்படி சொல்லிவிடுங்கள். இங்குள்ள மலையாளக் கடைகளில் 'கஸ்கஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் சர்பத்தில் போடும் கறுப்பு விதையை, அதாவது திருநீற்றுப் பச்சிலை விதையை, எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு, கசகசா வேறு. புதிதாகக் குடிவந்த நம்மவர் இதில் ஏமாறுவது வழக்கமாகிவிட்டது.

இனி, இயலுவது யாதென்று பார்ப்போம்.

பாப்பிக் குடும்பத்தில் வெயிலைச் சற்றே பொறுக்கக்கூடியது கலிபோர்னியா பாப்பி. 1903-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் தனக்குரிய பூவாக அதைச் சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில், முன்பு முகலாயத் தோட்டம் எனப்பட்டு 2023 முதல் அமிர்த உத்தியானம் எனப் பெயர் பெற்றுள்ள இடத்தில், குளிர்காலப் பூக்களுள் இதையும் வளர்க்கிறார்கள். விதைத்த இரண்டு, இரண்டரை மாதத்தில் பூக்கத் தொடங்கும். நம் ஊரில் முயல விரும்புவோர் மழை ஓய்ந்த டிசம்பர் முதல் வாரத்தில் இதை முயலலாம். பலன் உறுதி என்று நாம் சொல்ல மாட்டோம். ஐஸ்லாந்து பாப்பியைவிட வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்வோம்.

பத்து அங்குல மண்தொட்டி எடுத்துக்கொள்க. பிளாஸ்டிக் தொட்டி வேண்டா. மண்தொட்டியின் சுவர் நீரைக் கசியவிட்டு வேரைக் குளிர்விக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு இலைமக்கு, இரண்டு பங்கு மணல் கலந்து நிரப்புக. சாணி உரத்தை அள்ளிப் போடாதீர்கள். ஏழை மண்ணில்தான் பாப்பி பூக்கும். வளமான மண்ணில் இலையாகவே மதமதவென்று வளரும். விதையைக் காய்ந்த மணலோடு கலந்து மேலே தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். பூவாளியால் தலைமேல் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும்; தொட்டியை நீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து நனையச் செய்வதே முறை. முளைத்தவற்றுள் மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளி எறிய வேண்டும். இங்கேதான் நம் பெண்மணிகள் மனம் இளகி, கிள்ளியதை வேறு தொட்டியில் நட்டுப் பார்ப்பார்கள். பயனில்லை. பாப்பி, பிடுங்கி நட்டால் பிழைக்காத இனம். அதன் ஒற்றை வேர் ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் பிறகு இடமாற்றத்தைப் பொறுப்பதில்லை. இறுதி வரை இருக்கப்போகும் தொட்டியிலேயே விதைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கீழ்த்திசை வெயில் காலை பத்து மணி வரை படும் இடமே தக்கது. பிற்பகல் வெயில் ஆகாது. மாடித் தளத்தின் மேல் தொட்டியை நேரே வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தல் நலம். இத்தனையும் செய்து பூக்காவிட்டால் செடியைக் குறை கூற வேண்டா.

ஐஸ்லாந்து பாப்பியையே கண்ணால் காண விரும்புவோர் மலைக்குப் போவதே வழி. நம் அன்பர்களுக்கு அருகிலிருப்பவை மூணாறும் நீலகிரியும். நமக்கு ரயிலின் மீதுள்ள பற்றினால் நீலகிரியையே சிபாரிசு செய்கிறோம். இங்கிருந்து கோயம்புத்தூர் வரை நேர் வண்டிகள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை வண்டி, பற்சட்டத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறி நண்பகலில் உதகையை அடையும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் அமைந்த பாதை அது; தூரம் 46 கிலோமீட்டர். உதகையின் அரசுத் தாவரவியல் பூங்காவை 1848 முதல் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்னும் ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர் திருத்தி அமைத்தார். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே மலர்க்காட்சி நடைபெறுகிறது. குளிர்நாட்டுப் பூக்கள் பலவற்றையும் ஒருசேரக் காண அதைவிடத் தக்க இடம் தமிழ்நாட்டில் இல்லை. மார்கழியில் போனால் பூவைவிடப் புல்மேல் படியும் உறைபனியையே காணலாம். கனடாவிலிருந்து வரும் பேத்திக்கு அது பழகிய காட்சி, பாட்டிக்குத்தான் புதிது.

பூவைப் பறித்துப் பூச்சாடியில் வைப்போர்க்கு ஒரு நுட்பம்: மொட்டு நிமிர்ந்து, நிறம் வெளியே தெரியத் தொடங்கியதும் கொய்ய வேண்டும். வெட்டிய நுனியை மெழுகுவத்திச் சுடரில் சில விநாடி காட்டினால் பால் கசிவது நின்று, பூ பல நாள் வாடாது. பூவையோ காயையோ குழந்தைகள் வாயில் வைக்கலாகாது. அபினி இல்லையாயினும் உண்ணத் தக்க செடி அன்று.

பாப்பிப் பித்து மேல்நாட்டாரை எவ்வளவு தூரம் ஆட்டியிருக்கிறது என்பதற்கு இரண்டு செய்திகள். இலண்டனுக்குத் தெற்கேயுள்ள ஷெர்லி என்னும் ஊரில் வில்லியம் வில்க்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். 1880-ஐ ஒட்டி, தம் தோட்டத்து மூலையில் களையாய் முளைத்திருந்த சிவப்பு வயற்பாப்பிகளிடையே, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடிய பூ ஒன்றை அவர் கண்டார். அந்த ஒரு பூவுக்கு அடையாளமிட்டு விதை எடுத்து, ஆண்டுதோறும் நல்லதைத் தேர்ந்து அல்லதைக் களைந்து, நடுவிலிருந்த கரும்பொட்டையும் நீக்கி, ரோஜாவும் வெள்ளையுமான ஷெர்லி பாப்பியை உண்டாக்கினார். இன்று உலகெங்கும் விற்கும் அவ்வினத்துக்கு அந்த ஒரே பூ மூதாதை.

இரண்டாவது, நீலப் பாப்பி. இது நம் இமயத்துச் செல்வம். 1913-இல் பெய்லி என்னும் ஆங்கிலேய அதிகாரி திபெத்தில் நீலப் பாப்பி ஒன்றைக் கண்டு மாதிரி எடுத்து வந்தார். 1924-இல் கிங்டன் வார்டு என்பவர் அதன் விதையைத் திரட்டினார். 1926-இல் இலண்டன் செல்சீ மலர்க்காட்சியில் அது பூத்து நின்றபோது ஆங்கிலேயருக்கு வியப்புத் தாங்கவில்லை. வானத்தை வெட்டி வைத்தாற் போன்ற நீலம் அது. ஆனால் அச்செடியை இங்கிலாந்தின் தென்பகுதியில் வளர்ப்பதே பெரும்பாடு. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த ஈரக் காற்றில்தான் அது மனம் வைத்துப் பூக்கிறது. செல்வமும் பணியாளும் கண்ணாடி வீடும் உடைய அவர்களாலேயே இயலாததைக் கரமனை மாடியில் ஒரு தொட்டியும் பூவாளியும் கொண்டு செய்ய இயலாது போனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உத்தராகண்டத்தின் மலர்ப் பள்ளத்தாக்கில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பாறை இடுக்குகளில் இமயத்து நீலப் பாப்பி முள்ளும் மயிருமாய் மலர்கிறது. 1931-இல் பிராங்க் ஸ்மைத் என்னும் மலையேறி வழி தப்பி இறங்கி அப்பள்ளத்தாக்கைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். 1982-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இவ்வளவு தூரம் போவானேன், பாப்பிக் குடும்பத்துப் பூ ஒன்று நம் பக்கத்திலேயே யாரும் நடாமல், யாரும் நீரூற்றாமல் பூத்துக் கிடக்கிறது. பிரமதண்டு என்றால் நம் ஊர்க்காரர்கள் உடனே அறிவார்கள். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிக்கும், 1981-இல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் ரயில் பாதை திறந்தது. அவ்வழியே விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் வண்டி இறங்கியதும் நிலத்தின் நிறமே மாறுவதைக் கண்டிருப்பீர்கள். தென்னையும் வாழையும் பின்னே நின்றுவிட, பனையும் உடையும் காற்றாலைகளும் தொடங்கும். அங்கே மழை குறைவு. தண்டவாள ஓரத்துச் சரளை மேட்டிலும் தரிசு நிலத்திலும், மழை ஓய்ந்த மாதங்களில், முழங்காலளவு உயரத்தில் வெண்ணரம்பு ஓடிய முள்ளிலைகளுக்கு நடுவே எலுமிச்சை மஞ்சளில் பூக்கள் தெரியும். வண்டி நிற்கும்போது உற்றுப் பார்த்தால், அதே மெல்லிய கசங்கிய பட்டிதழ், அதே கிண்ணம். நடுவே மகரந்தக் கற்றையும் அப்படியே.

பிரமதண்டும் இம்மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து எப்படியோ வந்து இறங்கி, நமக்குத் தெரியாமலே பிரமன் பெயரைச் சூட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது. தாவர நூலார் வைத்த பெயரில் மட்டும் மெக்சிகோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரமனை அம்மையாருக்கு எமது யோசனை இதுவே. பேத்தியை மார்கழி, தை விடுமுறையில் ஊர்ப்பக்கம் அழைத்துச் செல்லும்போது சன்னலோர இடம் கொடுத்து, கணவாய் தாண்டியதும் அந்த மஞ்சள் பூவைக் காட்டுங்கள். அது தன் வீட்டு வாயிற் பூவின் ஒன்றுவிட்ட உறவு என்று அவளே கைப்பேசியில் படத்தை எடுத்து ஒப்பிட்டுச் சொல்லுவாள். சன்னலோரம் பேசாமல் உட்காரும் குழந்தைக்குப் பேச ஒரு பொருளாயிற்று. திரும்பும் வழியில் தோவாளைச் சந்தையில் பிச்சியும் கேந்தியும் மலை போல் குவிந்திருப்பதையும் காட்டலாம்.

பிரமதண்டைக் கையால் தொட வேண்டா, முள் குத்தும். ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். விதையைச் சேகரித்து வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டா. அது கடுகைப் போலவே கறுத்து உருண்டு இருக்கும். கடுகெண்ணெயில் அவ்விதையின் எண்ணெய் கலந்தால் உடல் வீங்கி இருதயம் பாதிக்கப்படும். 1998-இல் டில்லியில் இக்கலப்படத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னாட்டில் நாம் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பயன்படுத்துகிறவர்களாதலின் அவ்வபாயம் நமக்குக் குறைவு. ஆயினும் டில்லியிலும் கல்கத்தாவிலும் உறவினர் உள்ளவர்கள், சில்லறையாய் அளந்து விற்கும் கடுகெண்ணெயை வாங்காமல் முத்திரையிட்ட புட்டியையே வாங்கும்படி எழுதிவிடுங்கள்.

அடுத்த இதழில், திருவனந்தபுரத்து மாடியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஐயமின்றிப் பூக்கக்கூடிய காசித்தும்பை, பத்துமணிப் பூ, காஸ்மாஸ் ஆகியவை பற்றி எழுதுவோம். அவற்றின் விதை வேண்டுவோர், சாலைக் கடைத்தெருவில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.